மில்லுக்காரியின் கூரைத் தகரங்கள்

நைனார்பாளையத்தில் பெரியநாயகி வீடு எது என்று கேட்டால் நாலு பேராவது யோசிப்பார்கள். மில்லுக்காரி வீடு என்று கேட்டால் நடக்கப் பழகிய பிள்ளைகூடக் கை காட்டும். ஊரார் காட்டில் களை எடுத்து, நாற்று நட்டு, கரும்பு வெட்டி வளர்ந்தவள் அவள். பிறகு மாவு மில்லில் மூட்டை தூக்கும் வேலைக்குப் போனாள். மில் முதலாளி மகனோடு இருக்கச் சென்னைக்குக் கிளம்பியபோது, “மில்லை எனக்கே குடுத்துட்டுப் போங்க” என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். வங்கிக்கு நடையாய் நடந்து கடன் வாங்கி, அதே மில்லில் அவள் கல்லாவில் உட்கார்ந்த பிறகு, சிரித்தவர்கள் எல்லாம் அவள் முன்னால் அரிசிப் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் திமிர் உண்டுதான். இருக்கட்டுமே, உழைத்தவள் திமிராக இருந்தால் யார் வீட்டு உலை கொதிக்காமல் போகிறது?

வைகாசியில் ஒரு சாயங்காலம் சூறைக்காற்று வந்தது. வெயிலில் காய்ந்த மிளகாயை ஊரே பொடியாக்கி வைத்துக்கொள்ளும் மாதம் அது. மில்லுக்கு அதுதான் அறுவடை. பெரியநாயகி மெஷின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு மூலை பிய்ந்தது. அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. காற்றில் தகரம் பறந்தால் கழுத்தை அறுத்துவிடும் என்று அவள் புருஷன் நாராயணசாமி அவளைக் கல்லா மேசைக்குக் கீழே இழுத்து உட்கார வைத்தார். மழை நேராக உள்ளே கொட்டியது. இரும்புச் சட்டம் மட்டும் மேலே நின்றது.

மழை விட்டதும் தெரு முழுக்க வந்துவிட்டது. யாரையும் யாரும் கூப்பிடவில்லை. அந்தத் தெருவில் ஒரு வீட்டுக் கூரை போனால் அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டு ஓடி வருவார்கள். மூட்டைகளைப் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்தார்கள். தண்ணீரை வாரி ஊற்றினார்கள். மோட்டாருக்கு மேல் நீலத் தார்ப்பாயைக் கட்டினார்கள். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் மில் பெருக்கித் துடைத்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

அந்தத் தெருவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. பறந்த தகரம் மறுபடி அதே கூரையில் ஏறக்கூடாது. ஏறினால் காற்றுக்கு வழி தெரிந்துவிடும் என்பார்கள். அதைக் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும், இல்லை என்று சொல்லக்கூடாது. ஆடு வளர்க்கிற பூமாலை தன் பட்டிக் கூரைக்குக் கேட்டான். பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு குளிக்க ஒரு மறைப்பு வேண்டும் என்றாள். மாரியம்மன் கோயில் அடுப்படிக்குச் சிலது போனது. பெரியநாயகி வாரிக் கொடுத்தாள்.

மத்தியானம் அறிவுச்செல்வன் புல்லட்டில் வந்து நின்றார். ஊர் நிலத்தில் பாதி அவருடையது. மேலே பார்த்தார், உச்சுக் கொட்டினார். “மில்லும் போச்சா? சரி வுடு, கவலப்படாத. கரும்புல களை மண்டிக் கெடக்குது. நாளையிலேருந்து வந்துடு” என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பெரியநாயகிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூரை பறந்தபோது வராத அழுகை அப்போது வந்தது. அவர் கண்ணில் படாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். இனி அந்த ஆளின் காட்டில் குனிவதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணினாள். ஆனால் புதுத் தகரம் போட்டால்தான் மில் ஓடும். மில் ஓடினால்தான் அந்த முடிவு நிற்கும்.

அப்போதுதான் இன்சூரன்ஸ் நினைவுக்கு வந்தது. கடன் கொடுத்த நாளிலிருந்து வங்கியில் வருஷா வருஷம் மில்லுக்கென்று ஒரு தொகையைப் பிடிப்பார்கள். வருஷா வருஷம் அவளும் போய்ச் சண்டை போடுவாள். தீ, புயல் வந்தால் உதவும்மா என்று மேனேஜர் சமாதானம் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே கள்ளக்குறிச்சிக்குப் போனாள்.

“பொயலு வந்துடுச்சி சார். இன்னா பண்ணப் போறீங்க?” என்றாள்.

மேனேஜர் மறுக்கவில்லை. கம்பெனிக்கு எழுதிப் போட்டார். சில நாள் கழித்து, சேதத்தைப் பார்க்க வரும் அதிகாரி சிவசங்கர் போனில் கூப்பிட்டார். “நாளைக்கு வர்றேம்மா. பறந்த தகரத்தை எல்லாம் அப்படியே வெச்சிருங்க. அதப் பார்த்தாதான் நான் எழுத முடியும்.”

பெரியநாயகி போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தகரம் ஒன்றுகூட மில்லில் இல்லை. சரி, போட்டோவாவது இருக்கும் என்று தெருவில் விசாரித்தாள். எல்லாப் போனிலும் போட்டோ இருந்தது. பனைமரத்து உச்சியில் போய்ச் செருகிக்கொண்ட ஒரே ஒரு தகரத்தைத்தான் ஊரே எடுத்திருந்தது, தன் தன் முகத்தையும் சேர்த்து. கூரையில்லாத மில்லை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

“வுட்டுடு. நமக்கு எதுக்கு வம்பு? கம்பெனிக்காரனோட மல்லுக்கட்ட முடியுமா?” என்றார் நாராயணசாமி. அவர் பயந்த சுபாவம். கை ஓங்காத மனிதர், குரலும் ஓங்காத மனிதர்.

அவர் தம்பி கொளஞ்சியப்பன் வேறு யோசனையோடு வந்தான். “அண்ணி, கள்ளக்குறிச்சி காயலாங்கடையில பழைய தகரம் கெடக்குது. ஒரு வண்டி ஏத்தியாந்து, நாலு மிதி மிதிச்சி, வாசல்ல போட்டுடலாம். ஆபீசரு அதான்னு எழுதிக்கினு போயிடுவாரு. அப்படியே மோட்டாரும் பொகஞ்சி போச்சின்னு சேத்துக்கலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

பெரியநாயகி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “என் கூரை பறந்தது நெசம்டா. நெசத்துக்கு எதுக்குடா பொய்ச் சாட்சி? அப்புறம் பறந்ததும் பொய்யின்னுல்ல ஆயிடும்?”

“அப்ப ஒண்ணும் வராது, பாரு.”

“வராம எப்படிப் போவும்? வருசா வருசம் புடிக்கிறப்ப நெசமா பொய்யான்னு கேட்டா புடிச்சாங்க?”

சிவசங்கர் வந்தபோது உச்சி வெயில். நல்ல மனிதர்தான், ஆனால் காலையிலிருந்து எங்கெங்கோ அலைந்து பசியோடு வந்திருந்தார். சட்டத்தைப் பார்த்தார், துடைத்துவைத்த தரையைப் பார்த்தார். தகரம் எங்கே என்றார். கொடுத்துவிட்டேன் என்றாள்.

“குடுத்துட்டீங்களா? யாருக்கு?”

“கேட்டவங்களுக்கு.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அம்மா, நான் என்னன்னு எழுதுறது? நீங்களே கழட்டி வித்துட்டீங்கன்னு மேல கேப்பாங்க. பேசாம கோரிக்கையைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.”

மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? “கையெழுத்து எங்கயும் ஓடிப் போவாது சார். தகரமும் ஓடிப் போவல. ஊருக்குள்ளதான் கெடக்குது. எழுந்து வாங்க, காட்டுறேன்” என்று முன்னால் நடந்தாள். அவருக்கு வேறு வழியில்லை, பின்னால் போனார்.

பூமாலையின் பட்டியில் ஆடுகளை ஒதுக்கிவிட்டு அவரைக் குனிந்து மேலே பார்க்கச் சொன்னாள். தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க மாவு. வருஷக்கணக்காய்ப் பறந்து படிந்த அரிசி மாவும் கேழ்வரகு மாவும் மிளகாய்ப் பொடியும் மழையில் நனைந்து பசையாகி, வெயிலில் காய்ந்து, சுண்ணாம்புப் பூச்சு போல ஒட்டிக்கிடந்தன. ஆடு எட்டிய இடத்தில் எல்லாம் நக்கிச் சுத்தம் செய்திருந்தது. ஊரில் மாவு மில் ஒன்றுதான். சிவசங்கர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். கோயில் அடுப்படிக்குப் போனார்கள். அங்கேயும் மாவு. அதற்குள் பின்னால் பாதித் தெரு சேர்ந்துவிட்டது.

சின்னப்பொண்ணு தன் வீட்டுப் பின்பக்கம் மூன்று தகரத்தை மூங்கிலில் கட்டி மறைப்பாக்கியிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருட்டின பிறகு குளித்தவள், இப்போதுதான் பகலில் குளிக்கிறாள். ஆபீசரைக் கண்டதும் மிரண்டு போனாள். “எடுத்துக்கினு போயிடுவாங்களாக்கா?” என்றாள் மெதுவாக.

சிவசங்கரும் அந்தப் பேச்சுக்குத்தான் வந்தார். “இதப் பாருங்கம்மா, நசுங்குன தகரத்துக்கும் ஒரு விலை உண்டு. எல்லாத்தையும் எறக்கி மில்லுல அடுக்கிடுங்க, கம்பெனி எடுத்துக்கும். உங்களுக்கும் கணக்குல பிடித்தம் இருக்காது. இல்லன்னா அந்த விலையைக் கழிச்சிக்கிட்டுத்தான் குடுப்பாங்க. நல்லா யோசிச்சிச் சொல்லுங்க.”

தெரு முழுக்க அவள் வாயையே பார்த்தது. பூமாலை தலையைக் குனிந்துகொண்டான்.  பிடித்தம் போனால் புதுத் தகரத்துக்குக் கையைக் கடிக்கும், நாராயணசாமிக்கு அது தெரியும். பெரியநாயகிக்கும் தெரியும். அவள் யோசிக்க எடுத்துக்கொண்டது மூச்சு விடுகிற நேரம்தான்.

“கழிச்சிக்குங்க சார். குடுத்தது குடுத்ததுதான். துப்புன எச்சிலை முழுங்குற வேலை எனக்கு ஆவாது.”

சின்னப்பொண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சிவசங்கர் எழுதிக்கொண்டார். பனைமரத்துத் தகரத்தையும் சேர்த்து எண்ணி, சட்டத்தின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். “ரெண்டு தகரம் குறையுதே” என்றார்.

 பூமாலைதான், “நம்ம அறிவுச்செல்வன் மாட்டுக் கொட்டாயில இருக்குது” என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

அது பெரியநாயகிக்கே புதுச் செய்தி. நேராக அங்கே நடந்தாள். கொட்டகையின் ஓரத்தில் அந்த இரண்டு தகரமும் ஆணி அடித்து உட்கார்ந்திருந்தன, இருந்ததிலேயே நசுங்காத தகரங்கள். அறிவுச்செல்வன் வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. கூலிக்காரி மில்லில் பறந்த தகரத்தை எடுத்து மாட்டியவர் என்று பெயர் வந்தால் அவருக்கு எவ்வளவு கேவலம்!

“இது நான் சின்னசேலத்துல வாங்குனது” என்றார்.

சிவசங்கர் தகரத்தின் அடியில் விரலைத் தேய்த்தார். அடுத்த நிமிஷம் தும்ம ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வடிய, சிவந்த விரலை எல்லோருக்கும் காட்டினார். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

அறிவுச்செல்வன் குரலை உயர்த்தினார். “என் கரும்புல வந்து வுழுந்துச்சி. என் காட்டுல வுழுந்தா எனக்குத்தான்.”

“உங்க மாடு என் கொல்லையில வந்து மேஞ்சா, மாடு எனக்காங்க?” என்றாள் பெரியநாயகி. “கேட்டவங்க எல்லாருக்கும் குடுத்தேன். நீங்களும் ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கேக்கலயே. சார், இந்த ரெண்டை மட்டும் கழிக்காதீங்க. இத நான் குடுக்கல, எடுத்துக்கினு போயி கம்பெனிக்குன்னு மில்லுல வெக்கப் போறேன்.”

“எடுத்துடுவியா நீ? நாளைக்கு எந்த மொகத்த வெச்சிக்கினு என் காட்டுக்கு வேலைக்கு வருவ?”

“நான் உங்க காட்டுக்கு வரமாட்டேங்க. உங்க வூட்டு மொளகாதான் என் மில்லுக்கு வரும். அப்ப எந்த மொகத்தோட வரதுன்னு நீங்க ரோசன பண்ணி வைங்க.”

ஏணி கொட்டகையிலேயே சாய்ந்திருந்தது. அவள் அதில் கால் வைப்பதற்குள் யாரோ அவளை விலக்கினார்கள். நாராயணசாமி. இத்தனை வருஷம் அந்த வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற மனிதர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினார். ஆணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கீழே நின்ற பெரியநாயகிக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கு ஒரு முனையாகத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு, நடுத்தெரு வழியாகவே மில்லுக்குப் போனார்கள்.

பணம் வந்தது, பிடித்தம் போகத்தான் வந்தது. போதாததற்குக் கம்மலை அடகு வைத்துப் புதுக் கூரை போட்டாள். ஆடி பிறப்பதற்குள் மில் ஓடியது. ஓடிய வாரத்திலேயே அறிவுச்செல்வன் வீட்டு மிளகாய் மூட்டை வந்தது. அவர் வரவில்லை, பண்ணையாளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். “ஐயா வூட்டுது, மொதல்ல போடணுமாம்” என்றான் அவன்.

“வரிசையில வை” என்றாள் மில்லுக்காரி.