எடைமேடையும் என் பழைய கம்பைலரும்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மலேசியாவின் பாசிர் கூடாங்கில் லாரி எடைமேடை பொருத்தும் ஆட்களோடு கம்பி இழுத்துக்கொண்டிருந்தவன், ஒரு பழைய கணினியையும் ஆங்கில அகராதியையும் வைத்துக்கொண்டு நானாகவே நிரல் எழுதப் பழகினேன். இன்று ஜொகூரில் எத்தனையோ எடைமேடைகளில் ஓடுவது என் கைவேலை. பட்டம் வாங்கிய எவரையும் அதைத் தொட விட்டதில்லை.

நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அன்று பிடித்த கம்பைலரைத்தான் அண்மைக்காலம் வரை வைத்திருந்தேன். நீலத் திரை, பெரிய எழுத்து, கண்ணுக்குக் குளுமை. சிங்கப்பூரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மகள் அதைக் கண்டாலே சிரிப்பாள்.

"அப்பா, இது உங்க கல்யாண போட்டோவவிட பழசு. மாத்துங்க."

"கல்யாணமே நல்லா ஓடுது. அதையும் மாத்தச் சொல்லுவியா?"

"மாத்தித்தான் பாருங்களேன்," என்று சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

அந்தக் கம்பைலர் ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் இடம் சிறியது. எடை முப்பத்திரண்டாயிரம் கிலோவைத் தாண்டிக் கொஞ்சம் போனால், திரையில் கழித்தல் குறியோடு ஏதோ ஓர் எண் வந்து நிற்கும். சாஆ என்ற ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வாங்கும் ஒரு மையத்துக்குத் தோட்டங்களிலிருந்து நீள டிரைலர்கள் வரத் தொடங்கியபோது நான் அசரவில்லை. நிரலைத் தொடாமலே வழி சொன்னேன்: முன்பாதியை மேடையில் ஏற்றி ஓர் எடைச் சீட்டு, பின்பாதியை ஏற்றி இன்னொரு சீட்டு. இரண்டையும் கணக்கெழுதும் கிராணி கூட்டிக்கொள்வார். இந்த யோசனை எவனுக்கு வரும்?

சில மாதங்களுக்கு முன் அந்த மையத்தின் முதலாளி போன் செய்தார்.

"அண்ணே, ஒவ்வொரு டிரைலரும் ரெண்டு தடவ நிக்குது. வரிசை மெயின் ரோட்டுக்கே போயிருச்சு. ஜேபி டவுன் கம்பெனிக்காரன் ஒருத்தன் புது சிஸ்டம் போட்டுத் தரேங்கிறான். திங்கக்கிழம ஒரே சீட்டா வரலன்னா அவனயே வரச் சொல்லிருவேன். கோவிச்சுக்காதீங்க லா."

அது நான் பிடித்த முதல் வாடிக்கை. அதை எவனோ வந்து கொத்திக்கொண்டு போவதா? ஞாயிற்றுக்கிழமை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் புதுக் கம்பைலரில் என் நிரலை ஏற்றினேன். திரை கொள்ளாத பிழைகள்.

"அலமாக்! இவ்ளோ தப்பாப்பா?"

"தப்பில்லம்மா. அதுக்கு என் பாஷை தெரியல."

உண்மையும் அதுதான். திரையில் கட்டம் வரையும் பழைய கட்டளைகள் ஒன்றுகூடப் புதியதற்குத் தெரியவில்லை. எது எதற்கு என்று நான் சொல்லச் சொல்ல அவள் மாற்றினாள். சாயங்காலம் நாற்பதாயிரம் என்று தட்டிப் பார்த்தேன். கழித்தல் குறி இல்லாமல் நாற்பதாயிரம் என்றே வந்தது. ஒரே நாளில் முடித்த கெட்டிக்காரத்தனத்தை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டும், அவள் சொல்லமாட்டாள்.

திங்கள் காலை, மையத்தின் எடைமேடை அறையில் முதலாளி என் தோளோடு தோளாக நின்று பார்க்க, முதல் டிரைலர் வந்தது. சீட்டும் வந்தது. பதினெட்டாயிரம் கிலோ!

"என்னண்ணே, உங்க புது கம்பைலர் பாதி லாரிய முழுங்கிருச்சா?" முதலாளி போனைக் கையில் எடுத்துவிட்டார்.

சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். டிரைலர், பழகிய பழக்கத்தில், முன்பாதியை மட்டும் மேடையில் வைத்துக்கொண்டு சமர்த்தாக நின்றது.

"தம்பி, முழுசா ஏத்து!" என்று கத்தினேன்.

"நீங்கதான தலைவரே பாதி பாதியா நிறுத்தச் சொன்னீங்க?" என்றார் ஓட்டுநர்.

"அது பழைய கம்பைலருக்குப்பா!"

அவருக்கு என்ன புரிந்ததோ, வண்டியை முழுதாக ஏற்றினார். முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம், ஒரே சீட்டில். முதலாளி அங்கேயே ஜேபிக்காரனைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

ஓட்டுநர் மட்டும் நகரவில்லை. சன்னலுக்குள் கையை நீட்டியபடியே நின்றார்.

"இன்னொரு சீட்டு எங்க தலைவரே? ஒன்னோட தோட்டத்துக்குத் திரும்பிப் போனா, பாதி லோட வழியில வித்துட்டேன்னு சொல்லுவாங்க லா!"