கண்டக்டர் பெயரில் ஒரு பேண்டு செட்

எங்கள் பேண்டு செட்டுக்கு எந்தப் பெயரோ, அந்தப் பெயருடைய ஆள் செட்டில் யாரும் கிடையாது. ஆனால் செட்டைப் பேச வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். வெற்றிலை பாக்கோடு வாசலில் நின்றுகொண்டு அவர் எங்கே என்பார்கள். அவர் இங்கே இல்லை, அவருக்கு வாசிக்கவே தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பெரிய ஆளை ஒளித்து வைத்துக்கொண்டு சின்ன ஆட்களைத் தள்ளிவிடப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை எழுதிப் பட்டது போதும்.

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரைச் சுற்றியிருந்த செட்டுகள் பலவும் இப்படித்தான். ஒரு செட்டுக்கு ரைஸ்மில் முதலாளி பெயர். டிரம்பெட் வாங்கிக் கொடுத்தவர் அவர். ஆனால் அது ஊதுகிற சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்திக்கொள்வாராம். இன்னொன்றுக்குக் காஞ்சிபுரத்து டாக்டர் ஒருவரின் பெயர். அந்தச் செட் மாஸ்டரின் பெண்டாட்டிக்குத் தலைப்பிரசவம் பார்த்தவர். தன் பெயரில் ஒரு செட் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருப்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது. தாமல் பக்கத்தில் ஒரு செட் சினிமாக்காரர் பெயரை வைத்துக்கொண்டு, அவருடைய ரசிகர்களுக்கும் எதிர்க்கட்சி ரசிகர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பேஜாராகிப் போனது. சாமி பெயரை வைத்தால் அந்த டிரம்மைச் சாவுக்குக் கொண்டுபோகக் கூசும். செட்டில் இருக்கிற ஒருவன் பெயரை வைத்தால் மற்ற ஐந்து பேரும் முறைத்துக்கொள்வார்கள். வெளியாள் பெயர் என்றால் யாருக்கும் சண்டையில்லை. அப்படித்தான் நாங்கள் நினைத்தோம்.

எங்கள் வெளியாள் ஒரு பஸ் கண்டக்டர்.

அந்த நாளில் டிரம்மோடு பஸ் ஏறுவது லேசான காரியமில்லை. தோல் கட்டிய வாத்தியம், அதுவும் சாவுக்குப் போய் வருகிற வாத்தியம். பார்த்ததுமே விசில் கொடுத்துவிட்டுப் போகிற கண்டக்டர்கள்தான் அதிகம். சிலர் மேலே ஏற்றச் சொல்வார்கள். மழை வந்தால் தோல் நனைந்து தொய்ந்துவிடும். காஞ்சிபுரம் போகிற அந்த ஒரு பஸ்ஸில் மட்டும் பின்சீட்டுப் பக்கம் இடம் உண்டு. யாராவது பயணி முகத்தைச் சுளித்தால், "உன்ன தூக்கிக்கினு போற பஸ்ஸு தான் அத்தயும் தூக்கிக்கினு போவுது, உக்காரு" என்று சொல்லிவிட்டு டிக்கெட் கிழிக்கப் போய்விடுவார். அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எங்கள் கிளாரினெட் மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் பெயரையே செட்டுக்கு வைத்துவிடலாம் என்று முடிவானது. அவரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்றார் மாஸ்டர். கேட்காமல் வைப்பது தப்பில்லையா என்று நான் இரண்டு நாள் நச்சரித்தேன். நான் ஆறாவதோடு நின்றவன். ஆனாலும் செட்டில் எனக்குத்தான் எழுத்து அழகாக வரும். ஆகவே பெயிண்டும் பிரஷ்ஷும் என் கைக்கே வந்தன.

பேஸ் டிரம்முக்கு இரண்டு முகம். வலது முகத்தில் கொட்டு விழும், எழுத்து தாங்காது. இடது முகத்தில் சிவப்புப் பெயிண்டால் அரைவட்டமாக அவர் பெயரை எழுதி, கீழே பேண்டு செட், உத்திரமேரூர் என்று போட்டேன். மறுநாள் பஸ்ஸில் அவர் அதைப் பார்த்தார். நின்று பார்த்தார். முன்பக்கம் போனவர், அடுத்த ஸ்டாப்பில் எதற்கோ திரும்பவும் பின்னால் வந்து பார்த்துவிட்டுப் போனார். கோபமா, சந்தோஷமா என்று தெரியாமல் காஞ்சிபுரம் வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

என் கவலை வேறு மாதிரி வளர்ந்தது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களில் எங்களுக்குச் சோறு போடுவது சாவுதான். பாடைக்கு முன்னால் போவது டிரம். டிரம்மில் இருப்பது உயிரோடு இருக்கிற ஒரு மனுஷனின் பெயர். இது மூன்றும் சேர்ந்து என் தலைக்குள் சுற்ற ஆரம்பித்தால் நிற்காது. ஒவ்வொரு சாவுக்குப் போய் வந்த மறுநாளும், வேலை இல்லாவிட்டாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்பேன். பஸ் வரும். அவர் படியில் தொங்கிக்கொண்டு இறங்குவார். அதைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பேன். மாஸ்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். இருந்தாலும் ஒரு சிவப்புத் துண்டைக் கொடுத்து, சாவு வேலைக்குப் போனால் பெயர் மேல் இதைக் கட்டிவிடு, அது உன் பொறுப்பு என்றார்.

இரண்டு வருஷம் அந்தத் துண்டை ஒருமுறைகூட மறக்காமல் கட்டினேன்.

மறந்தது மானாம்பதியில். அதுவும் கவலையால்தான் மறந்தேன். காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டவன், பாதி வழியில் பூட்டினேனா இல்லையா என்று சந்தேகப்பட்டுச் சைக்கிளைத் திருப்பினேன். பூட்டித்தான் இருந்தது. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மிதித்து மானாம்பதி போய்ச் சேர்ந்தபோது, பாடை எடுத்துத் தெருவைத் தாண்டிவிட்டார்கள். ஓடிப்போய் சைடு டிரம்மை மாட்டிக்கொண்டு வரிசையில் சேர்ந்துவிட்டேன். ஏரிக்கரை வந்தபோதுதான் என் தோளில் துண்டு கிடப்பதைப் பார்த்தேன். முன்னால் டிரம்மில் சிவப்பு எழுத்து பளிச்சென்று இருந்தது. கூட்டத்தின் நடுவில் கை நின்றால் மாஸ்டர் திரும்பிப் பார்ப்பார். அடித்துக்கொண்டே போனேன்.

அந்தச் சமயம் பார்த்து கண்டக்டர் இரண்டு வாரமாக வேலைக்கு வரவில்லை. மஞ்சக்காமாலை. எங்களுக்குத் தெரியும், மானாம்பதியில் தெரியாது. அங்கே மாகறலிலிருந்து வந்த யாரோ ஒருவர் ரோட்டோரம் நின்று ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறார். டிரம்மில் பெயரைப் படித்திருக்கிறார். அது செத்தவர் பெயர் என்று எடுத்துக்கொண்டார். அவருக்கு அந்தப் பெயரில் தெரிந்த ஆள் ஒருவர்தான், ரெண்டு வாரமாக பஸ்ஸில் காணோம். போதாதா? டீக்கடையில் சொன்னார். சேதி அதே பஸ்ஸில் ஏறி மாகறலுக்குப் போனது. கண்டக்டரின் மனைவி பிறந்த ஊர் அது.

மறுநாள் காலையில் அவருடைய மச்சான் வீட்டு ஆட்கள் ஒரு டிராக்டர் நிறைய வந்து தெருமுனையில் இறங்கியிருக்கிறார்கள். கையில் மாலை, கோடித்துணி. பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, முனையிலிருந்தே ஒப்பாரி வைத்தபடி வீட்டுக்கு வந்தால், அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மோர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அழுதுகொண்டு வந்தவர்களில் ஒருத்தி அங்கேயே மயங்கி விழுந்தாளாம். மாலையையும் கோடியையும் திரும்ப எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று, முனையில் வேலி மேல் போட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் அதற்கு மறுநாள் எனக்கு பஸ் டிரைவர் சொன்னார், சிரித்துச் சிரித்து. துண்டு கட்டாதது யார் என்று யாரும் கேட்கவில்லை. மாஸ்டர்கூட, காற்றில் அவிழ்ந்திருக்கும் என்று அவராகவே சொல்லிக்கொண்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததால் அது உள்ளேயே கிடந்து அரித்தது. அன்று மதியமே வரப்பில் கீழாநெல்லி ஒரு கட்டு பறித்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன்.

வேலியில் மாலை இன்னும் கிடந்தது. சாமந்தி வாடியிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் போனேன்.

அவர் கண் இரண்டும் மஞ்சளாக இருந்தாலும் முகம் தெளிவாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும், "வா நைனா. பொணத்துக்கு மோளம் அடிக்க வந்தியா?" என்றார். நான் கீழாநெல்லியைக் கீழே வைத்துவிட்டு, துண்டைக் கட்ட மறந்தது நான்தான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். பூட்டைப் பார்க்கத் திரும்பியதையும் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய அம்மா முறத்தோடு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தலையில் காக்காய் அடித்துவிட்டால் அந்த ஆள் செத்துவிட்டான் என்று பொய்ச்சேதி அனுப்பி உறவுக்காரர்களை அழவைப்பது வழக்கம்; அழுதுவிட்டால் தோஷம் கழிந்தது. இது யாரும் அனுப்பாமலே நடந்திருக்கிறது, அவ்வளவு பேரும் நிஜமாகவே அழுதுவிட்டார்கள், என் பிள்ளைக்கு ஆயுசு கெட்டி என்றாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

டிரம்மில் பெயரை அழித்துவிடட்டுமா என்று அவரைக் கேட்டேன்.

"இன்னாத்துக்கு?" என்றார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "இருவது வருசமா இந்த ரோட்ல போய்க்கினு வந்துக்கினு கீறேன். எத்தினி பேருக்கு டிக்கெட் குட்த்திருப்பேன். ஒருத்தனுக்கு என் பேரு தெரியுமா? கண்டக்டரு, யோவ் கண்டக்டரு, அவ்ளோதான். எய்தி வெச்சது நீங்க ஆறு பேரு. கெடக்கட்டும் அது."

அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்ததும் பின்னாலேயே வந்தாள். வேலிப் பக்கம் நின்றாள். முதல்நாள் அழுத முகம் இன்னும் வீங்கியிருந்தது.

"எய்தினது நீ தான?" என்றாள்.

ஆமாம் அண்ணி என்றேன்.

"உன் கையாலயே அயிச்சிடு. அவுரு கேட்டா வெயில்ல போயிட்ச்சினு சொல்லு. மாமியாரு ஆயுசு கெட்டின்றாங்க. இருக்கட்டும். எங்கண்ணன் கோடி எட்துக்கினு வந்து நின்னத நான் பாத்தேன். அவங்க பாக்கல, அப்ப கொல்லைல இருந்தாங்க. இன்னொரு வாட்டி அத்த பாக்க என்னால ஆவாது தம்பி."

சரி என்று சொல்லிவிட்டேன். வரும் வழியெல்லாம் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். அவர் கெடக்கட்டும் என்கிறார், அவள் அழித்துவிடு என்கிறாள். அழித்தால் அவருக்குத் துரோகம். அழிக்காமல் விட்டு நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால்? அந்த 'ஏதாவது ஒன்று' தான் எப்போதும் என்னை ஜெயிக்கும்.

மாஸ்டரிடம் சொன்னபோது, உன் இஷ்டம் என்றார். டிரம்மை வேப்பமரத்தடியில் சாய்த்து வைத்து, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தேன். பெயிண்ட் அசையவில்லை. சவரப் பிளேடை எடுத்தேன். தோல் கிழிந்தால் செட்டுக்கே வேலை போய்விடும். எழுத்தின் மேல் பிளேடைப் படுக்க வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தவிடு மாதிரி உதிர உதிரச் சுரண்டினேன். பாதிப் பெயரில் கை நின்றுவிட்டது. மஞ்சள் கண்ணோடு படுத்திருக்கிற ஒரு ஆளின் பெயரைப் பிளேடால் சுரண்டுகிறேனே, இது மட்டும் நல்லதா? பாதிப் பெயரோடு விடுவது முழுப் பெயரோடு விடுவதைவிட மோசம் என்று தோன்றியதும் மீதியையும் சுரண்டினேன். உதிர்ந்த சிவப்புத் தூளை மிதிபடும் இடத்தில் போட மனசு வரவில்லை. துளசிச் செடி மேட்டில் கொட்டினேன். தோலில் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

அவர் உடம்பு தேறி வேலைக்கு வந்த அன்று நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின்சீட்டுக்கு வந்தவர் டிரம்மைப் பார்த்தார். அவர் கேட்காமலே நானாக, வெயிலில் போய்விட்டது அண்ணா என்றேன்.

குனிந்து விரலால் அந்த வெளுத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "நல்ல வெயிலு. ஒரு எய்த்து வுடாம படிச்சிப் பாத்து அயிச்சிருக்குது" என்றார். எங்கள் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார். வீட்டில் யார் சொல்லி அழித்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகு என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்ததை நினைத்து நான் எத்தனை நாள் புரண்டிருப்பேன் என்று கணக்கில்லை.

வைகாசியில் ஒருநாள். பஸ்ஸில் நல்ல கூட்டம், நாங்கள் வழக்கம் போலப் பின்னால் இருந்தோம். மாகறலில் ஏறிய பெரியவர் ஒருவர் கையில் மஞ்சள் பை வைத்திருந்தார். டிக்கெட் வாங்கும்போது கண்டக்டரிடம், உத்திரமேரூரில் ஒரு பேண்டு செட் இருக்கிறதாமே என்று சொல்லி, அந்தப் பெயரை முழுசாகச் சொன்னார். அவர்களை எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டார். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரிடமே கேட்கிறோம் என்று அந்தப் பெரியவருக்குத் தெரியாது.

நான் சீட்டைவிட்டு எழுந்துவிட்டேன். அது நான்தான் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிடக் கூடாது என்றும் தோன்றியது. கண்டக்டர் சில்லறையை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் நின்றார்.

"இன்னா விசேசம்? கல்யாணமா, சாவா?" என்றார்.

"கல்யாணம்பா. பொண்ணுக்கு."

"அப்ப சரி" என்றார். "பின்னால கீறாங்க பாரு, போய்ப் பேசு." சில்லறையைக் கொடுத்து, பெரியவர் நடக்க வழிவிட்டு ஒதுங்கி நின்றார். பெரியவர் கம்பியைப் பிடித்துப் பிடித்து எங்களிடம் வந்து சேர்கிறவரை அவர் விசில் கொடுக்கவில்லை.