நாளைய தேதியில் என் கையெழுத்து

கோலசிலாங்கூர் பக்கம் செம்பனை எண்ணெய் மில்லில் கழிவுநீர்க் குளங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தினமும் கரையைச் சுற்றிவந்து, பார்த்ததைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அந்த வருஷம் தீபாவளிக்கு லீவு என்பதால், முதல் நாளே தீபாவளிப் பக்கத்திலும் "கரை நன்று" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்துவிட்டேன்.

அப்படி எழுதிய அன்று மத்தியானமே சுற்றுச்சூழல் அதிகாரி வந்து நின்றார். காலையில் என் கண்ணில் படாத ஓர் உடும்புப் பொந்து வழியாகக் கழிவுநீர் பக்கத்து ஆற்றில் இறங்கியதில் மீன்கள் செத்து மிதந்தன.

"எங்களுக்குத் தெரியவே தெரியாது, துவான்" என்றார் மேனேஜர்.

"தெரியாட்டியும் குத்தம்தான். தடுக்க முழுக் கவனமும் எடுத்தீங்கன்னு காட்டினாத்தான் தப்பலாம். புத்தகம் எங்கே?"

எடுத்து நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் படித்தவர், அன்றைய பக்கத்துக்கு வந்தார். அடுத்ததைப் புரட்ட விரல் வைத்தார். அந்த ஒரு பக்கம், நான் உண்மையாக எழுதிய அத்தனையையும் பொய்யாக்கிவிடும்!

"ஒழுங்காத்தான் பார்த்திருக்கீங்க" என்று மூடிவிட்டார். விஷயம் வெறும் எச்சரிக்கையோடு போயிற்று.

"உன் புத்தகம்தான் காப்பாத்துச்சுலா" என்று மேனேஜர் முதுகில் தட்டினார். நான் புத்தகத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் தீபாவளியன்றும் கரையைச் சுற்றி, எழுதிவிட்டுத்தான் தலைக்கு எண்ணெய் வைக்கிறேன். லீவு எனக்குத்தான், உடும்புக்கு இல்லையே.