இரண்டாவது கட்டில்

எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு வண்டியில் கால் மணி நேரம்கூட ஆகாது. அந்தக் கடலில் மிதப்பதற்காக நான் காரைக்கால் கோவில்பத்திலிருந்து ஏழு மணி நேரம் பேருந்தில் வடக்கே போனேன். சென்னைத் துறைமுகத்தில் ஏறினால் அது உல்லாசப் பயணம். எங்கள் மீனவர்களோடு கருக்களாச்சேரிக் கரையில் ஏறினால் தொழில். இரண்டுக்கும் தண்ணீர் ஒன்றுதான் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

பயணம் எனக்கு வாய்த்தது தற்செயலாக. கத்தாரில் வேலை பார்க்கும் அண்ணன், தானும் அண்ணியும் போவதற்காக ஒரே கப்பலில் அடுத்தடுத்து இரண்டு பயணங்களைப் பதிவு செய்திருந்தான். முதல் பயணம் முடிந்து கூட்டம் இறங்கும் அன்று மாலையே அடுத்தது புறப்படும். தொடர்கிறவர்களுக்கு அறை மாறாது. கடைசி நேரத்தில் அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பணம் திரும்பாது, பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்களாம். என்னைப் போகச் சொன்னான்.

சமூகப் பணியில் முதுகலை படித்தவளை இவ்வளவு எளிதாக அனுப்பிவிட முடியாது. கப்பல் எரிக்கும் எண்ணெய், அது கடலில் விடும் கழிவு, அதில் வேலை செய்வோரின் ஊதியம் ஆகியவற்றை இரண்டு நாள் எடைபோட்டேன். நான் போகாவிட்டாலும் கப்பல் போகும். காலிக் கட்டிலைச் சுமந்து போவது அதைவிடப் பெரிய வீண் என்ற முடிவுக்கு வந்தேன். அது நான் ஏற்கெனவே விரும்பிய முடிவாகவும் இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

மிஞ்சியது அறையின் இரண்டாவது கட்டில். முதல் பயணத்துக்கு அதை என் கல்லூரித் தோழிக்குக் கொடுத்தேன். காரைக்காலில் நான்கு தலைமுறையாக வணிகம் செய்யும் இஸ்லாமியக் குடும்பம் அவளுடையது. கொள்ளுப்பாட்டனார் பாய்மரக் கப்பலில் பினாங்கு போனவர் என்பதை எந்தப் பேச்சிலும் கால் மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிடுவாள். இரண்டாம் பயணத்துக்கு மட்டும் நீதியுணர்வோடு ஆள் தேடினேன். கடலால் வாழ்ந்து, கடலை ஒரு நாளும் சும்மா உட்கார்ந்து பார்த்திராத ஒருவர் வேண்டும். எங்கள் தெருவில் தினமும் காலையில் கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா அதற்குப் பொருந்தினார். நாங்கள் அவரை அக்கா என்போம்.

இன்னொரு காரணமும் இருந்தது. என் திட்டத்தின் மணிமகுடமே அதுதான். அக்காவின் மகன் அந்தக் கப்பலில்தான் ஆபீசராக இருந்தார். தோளில் பொன்பட்டை வைத்த வெள்ளைச் சட்டையோடு அவர் நிற்கும் படம் அக்காவின் கைபேசியில் இருந்தது. தெருவில் அதைப் பார்க்காதவர் இல்லை. எட்டு மாதமாக வீட்டுக்கு வரவில்லை. கப்பல் சென்னைக்கு வரும் நாளில்கூட ஆபீசர்களை இறங்க விடமாட்டார்களாம். அந்தப் பதவியை நம்பி நாகப்பட்டினம் பக்கத்தில் ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண்ணைப் பேசியும் வைத்திருந்தார்கள். மகனிடம் சொல்லாமல் திடீரென்று போய் எதிரில் நிற்கலாம் என்று அக்காவுக்கு யோசனை சொன்னவள் நான்தான். எல்லா விளைவுகளையும் எடைபோடுகிறவள், அந்த மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் பயணத்தில் கப்பல் துறைமுகச் சுவரைத் தாண்டுவதற்குள் பினாங்குப் பரம்பரை படுத்துவிட்டது. தோழி வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். எங்கள் வரிசை அறைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர் இஞ்சி மிட்டாய் கொண்டுவந்தார். சாம்பல் நிற அரைக்கோட்டு, கையில் துடைக்கும் துணி. அதுவரை எங்களிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசியவர், அவள் ஓங்கரித்ததைப் பார்த்ததும் எலுமிச்சம்பழத்தை மோந்து பாருங்கள் என்றார், எங்கள் ஊர்த் தமிழில். நிமிர்ந்து பார்த்தேன். படத்தில் இருந்த முகம்தான், பொன்பட்டைதான் இல்லை. அவர் மேசைமேல் கிடந்த என் காரைக்கால் ஜவுளிக்கடைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்தத் தெருங்க?" என்றார்.

சொன்னேன். அவருடைய அம்மாவிடம்தான் மீன் வாங்குகிறோம் என்றேன். பிறகு, மறைப்பதற்கு வழியில்லாததால், அடுத்த பயணத்தில் அந்தக் கட்டிலில் படுக்கப்போவது யார் என்பதையும் சொன்னேன். பயணிகளின் அறையில் உட்காரக்கூடாது என்பது பணியாளர்களுக்கு விதி. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கதை சிறியதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீசராக இருந்த நண்பன் ஒருவனின் சட்டையை வாங்கி மாட்டி, விளையாட்டாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். விளையாட்டு என்று சொல்வதற்குள் அம்மா அதை ஊர் முழுக்கக் காட்டிவிட்டார். அடுத்த வாரம் பெண் வீட்டார் விசாரித்து வந்துவிட்டார்கள். படத்தை அழித்துவிடலாம், பார்த்த கண்களை என்ன செய்வது? அதன்பிறகு விடுப்பு கிடைத்தபோதும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் கப்பலிலேயே இருந்திருக்கிறார். ஊருக்குப் போனால் வாய் உளறிவிடும் என்ற பயம். இப்போது அம்மாவுக்கு உண்மை தெரிந்தால் அவர் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கமாட்டார், கல்யாணமும் நிற்கும் என்றார்.

தோழி வாளியிலிருந்து தலையைத் தூக்கினாள். "நீ நல்லது பண்ணணும்னு கெளம்பினாலே எனக்கு வயித்தக் கலக்கும்டி. இப்பக் கப்பல் வேற."

நடுக்கடலில் கைபேசி எடுக்காது. கரை நெருங்கிச் சமிக்ஞை வந்தபோது, அக்கா துறைமுக வாசலில் காலை ஐந்து மணியிலிருந்து காத்திருப்பதாக எனக்குச் செய்தி வந்தது. தோழி வெளிறிய முகத்தோடு இறங்கினாள். தரையைத் தொட்டதும் கொள்ளுப்பாட்டனாரை மறுபடி எடுத்துக்கொண்டாள். மகன் ஒரு நேபாளிப் பணியாளரிடம் வரிசையை மாற்றிக்கொண்டு, மூன்று தளம் மேலே போய்விட்டார். நான் வாயைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன். வெளிப்படைத்தன்மை பற்றி ஐம்பது பக்கம் ஆய்வேடு எழுதியவள் நான்.

அக்கா பட்டுப்புடவையில் வந்தார். மகனுக்காக வறுத்துக் கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டு டப்பாவைச் சோதனையில் பிடித்துக்கொண்டார்கள். "பத்திரமா வைங்க தம்பி. எம் மவன் ஆபீசர், வந்து வாங்கிக்குவான்" என்று அந்தக் காவலரிடம் சொல்லிவிட்டு வந்தார். உயிர்காப்புச் சட்டை அணியும் பயிற்சியில் முந்நூறு பேர் கயிற்றோடு மல்லுக்கட்ட, அக்கா ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டு, பக்கத்தில் இருந்த இரண்டு வங்கி மேலாளர்களுக்கும் போட்டுவிட்டார்.

அறையை வேறொருவர் கூட்டுவதை அவரால் தாங்க முடியவில்லை. தினமும் விடிவதற்குள் படுக்கையை உதறி, குளியலறையைக் கழுவி, துண்டுகளை மடித்து வைத்துவிடுவார். நேபாளிப் பணியாளர் வாசலில் நின்று தன் வேலை பறிபோனதைப் பார்த்துக்கொண்டிருப்பார். உழைப்பைப் பற்றி அவரிடம் ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். அக்கா அவருக்கும் ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பியதால் விட்டுவிட்டேன்.

மற்ற நேரமெல்லாம் தேடல்தான். வெள்ளைச் சட்டை தெரிந்தால் பின்னாலேயே போவார். மகனுக்குக் கீழே இயந்திர அறையில் வேலை என்றேன். மறுநாள் இரவுப்பணி முடிந்து தூங்குகிறார் என்றேன். மூன்றாம் நாள் காலை மறுபடி இயந்திர அறை.

"இம்மாம் பெரிய கப்பல எம் மவன் ஒருத்தன்தான் ஓட்டுறானா பாப்பா?" என்றார் அக்கா. அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று மதியம் உணவுக்கூடத்தில் பனிக்கட்டிமேல் மீன்களை அடுக்கி, இன்று பிடித்தது என்று பலகை வைத்திருந்தார்கள். தேர்ந்தெடுத்தால் பொரித்துத் தருவார்கள். அக்கா ஒன்றின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்தார். பத்து நாள் மீன் என்றார். பயணிகளை ஏமாற்றுவதாக நான் புகார் எழுதத் தொடங்க, வேண்டாம் என்று தடுத்தார். எந்த ஊரிலும் மீன் இன்று பிடித்ததாகத்தான் இருக்கும், விற்றாக வேண்டுமே என்றார். தான் வேறொரு மீனைக் காட்டிச் சாப்பிட்டார்.

கடைசி நாள் மாலையில் ஒரு சடங்கு உண்டு. சமையல்காரர், துணி வெளுப்பவர், அறைப் பணியாளர் என எல்லோரையும் அரங்க மேடையில் வரிசையாக நிறுத்துவார்கள். மூன்று நாள் அவர்களை ஏறிட்டுப் பார்க்காத பயணிகள் எழுந்து நின்று கைதட்டி, சமத்துவத்தை நிலைநாட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். நிகழ்ச்சி சுமாராக இருக்கும், போக வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். வங்கி மேலாளர்களின் மனைவிகள் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கிளம்பிவிட்டார்.

அறைப் பணியாளர்கள் மேடைக்கு வந்து கையசைத்தார்கள். இரண்டாம் வரிசையில், இடப்பக்கம், தலையைக் குனிந்தபடி அவர் நின்றார். அக்கா கைதட்டிக்கொண்டிருந்தார். பிறகு தட்டவில்லை. கூப்பிடவும் இல்லை, எழவும் இல்லை. வரிசை உள்ளே போன பிறகு என்னிடம் திரும்பி, "அறைக்குப் போவமா?" என்றார்.

அரை மணியில் கதவு தட்டப்பட்டது. மேடையிலிருந்து அம்மாவைப் பார்த்துவிட்ட மகன், பழக்கதோஷத்தில் வெளியிலிருந்தே ஆங்கிலத்தில் தான் அறைப் பணியாளர் என்று அறிவித்தார். நான் வெளியேறப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவரை மறைத்து வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மூணு நாளா எங்கடா இருந்த?"

"மேல தளத்துலம்மா."

"சாப்டியா?"

"ம்."

அக்கா அவருடைய அரைக்கோட்டின் பொத்தானைத் தடவிப் பார்த்தார். "முப்பது வருசமா நேத்து மீன இன்னைக்கு மீனுன்னு விக்கிறவடா நான். எனக்குப் பொய்யி புதுசா? ஆனா வாங்குறவ செவுளத் தூக்கிப் பாத்துட்டுத்தான் வாங்குறா. பொண்ணு குடுக்குறவன் எந்தச் செவுளத் தூக்கிப் பாப்பான்?"

"தெருவுல உன்னையப் பேசுவாங்கம்மா."

"நாலு நாளு பேசுவாளுவ. அஞ்சாம் நாளு மீனு வேணும்ல?"

மகன் அழுதார். அக்கா அழவில்லை, படுக்கை விரிப்பின் மூலையை இழுத்து, இதை எப்படி இவ்வளவு இறுக்கமாக மடக்குகிறாய் என்று கேட்டார். மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மடக்கிக் காட்டினார். இரண்டு முறை பிரித்து, இரண்டு முறை காட்டினார். சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் அங்கே இருந்தால் மேற்பார்வையாளர் தேடுவார் என்று பிறகு கிளம்பிப் போனார்.

மறுநாள் துறைமுகத்தில் சமிக்ஞை வந்ததும் அக்கா பெண்ணின் தகப்பனாரை அழைத்தார். சுற்றி வளைக்கவில்லை. மகன் ஆபீசர் இல்லை, அறை துடைத்துப் படுக்கை போடுகிறான், விருப்பம் இருந்தால் பேசலாம் என்றார். மறுமுனையில் அந்த மனிதர் பேசத் தொடங்கினார். அக்காவின் முகம் மெல்ல மாறியது. ஆசிரியை என்று சொன்ன பெண் இன்னும் பரீட்சையில் இரண்டு தாள் தேறவில்லையாம். ஜவுளிக்கடையில் துணி மடித்துப் போடுகிறாளாம். எப்படிச் சொல்வது என்று அவர்களும் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ரெண்டும் மடிக்கிற தொழிலா?" என்று கேட்டுவிட்டு அக்கா கைபேசியை வைத்தார். மகனின் ஒப்பந்தம் முடிந்ததும் கல்யாணம் என்று ஆயிற்று. காவலரிடமிருந்த கருவாட்டு டப்பாவைக் கேட்டு வாங்கி, நாங்கள் பேருந்தில் தின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தோம்.

இந்த முடிவை என் திட்டத்தின் வெற்றியாக எழுதி வைக்க ஆசைதான். முதல் பயணத்திலேயே என் திட்டம் கவிழ்ந்துவிட்டது என்பதற்கு வாளியோடு கிடந்த சாட்சி ஒருத்தி இருக்கிறாள்.

அக்கா மறுநாளே கூடையோடு வந்தார். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், மகன் படுக்கை போடுகிறான் என்று தன் வாயாலேயே சொன்னார். அவர் கணக்குப்படி பேச்சு நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் எல்லோரும் சங்கரா மீன் என்ன விலை என்று கேட்டார்கள். மற்ற வீடுகளில் அவருடைய மீன் இன்னமும் இன்று பிடித்ததாகவே இருக்கிறது. என் முன்னால் மட்டும் கூடையை இறக்கி, "பாப்பா, இது நேத்து மீனு. ஒனக்குச் சொல்லாம இருக்க மாட்டேன்" என்கிறார்.

அப்படிச் சொன்னவரைத் திருப்பி அனுப்பினால், உண்மை பேசியதற்குத் தண்டனை கொடுத்ததாக ஆகாதா? எடைபோட்டுப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டார் அதே கூடையிலிருந்து இன்றைய மீன் சாப்பிடுகிறார்கள். நாங்கள் சாப்பிடுவது நேற்றையது.