பூக்கட்டிப் பார்த்த கல்லூரி

என் மகள் பிந்திப் பிறந்தவள். மூத்த பையன்கள் இருவருக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகுட்டி வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவள். அவளோடு போனால் டீச்சர், "அப்பத்தா கையெழுத்து செல்லாது, அம்மாவை வரச் சொல்லுங்க" என்பார். "நான்தாம்மா பெத்தவ. இந்தக் கையெழுத்துலதான் உங்க பள்ளிக்கூடத்துக்கே தண்ணிக்குழாய் வந்துச்சு" என்பேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். எழுமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெண்களுக்கென்று ஒதுக்கியபோது நின்று ஜெயித்து ஒரு தடவை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அக்கம்பக்கத்து ஊர்களில் பெண்டாட்டி பேருக்குத் தலைவர், நாற்காலியில் உட்காருவது புருஷன். எங்கள் ஊரில் நான்தான் உட்கார்ந்தேன். மகள் என் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதுகிற மாதிரி இருக்கும், காது முழுக்கக் கூட்டத்தில் இருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அரசியல் படிக்கப் போகிறேன் என்றாள். நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். போனைக் காட்டி விளக்கினாள். சென்னையில் ஒரு கல்லூரியாம். படிக்கும்போதே தலைமைச் செயலகம், கலெக்டர் ஆபீஸ், கிராமப் பஞ்சாயத்து என்று மாதக்கணக்கில் வேலை பழக அனுப்புவார்களாம். இன்டர்ன்ஷிப் என்றாள்.

"சம்பளம் தருவாங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்லப்பா."

"சம்பளமில்லாம வேல பாக்கத்தான் நம்ம தோட்டம் கெடக்கே."

அவளும் சிரித்தாள். ஆனால் விடவில்லை.

சென்னை தூரம் என்று மதுரையிலேயே ஒரு பெண்கள் கல்லூரியைப் பார்க்கப் போனோம். காளவாசலில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போனோம். அங்கேயும் அரசியல் பாடம் இருந்தது. "அரசாங்க ஆபீசுக்கு எம்புட்டு நாள் அனுப்புவீங்க மேடம்?" என்று மகள் கேட்டாள். அந்த அம்மா சந்தோஷமாகத்தான் சொன்னார்: "வருஷத்துக்கு ஒருநாள் கலெக்டர் ஆபீசைச் சுத்திக் காட்டுவோம்மா. மதியம் பிரியாணிப் பொட்டலம் உண்டு." திரும்பும்போது பஸ் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். "பிரியாணி திங்கவாம்மா நான் படிக்கணும்?" என்று உசிலம்பட்டி வந்த பிறகு கேட்டாள்.

வீட்டில் சண்டை. பையன்கள் இருவரும் மதுரை என்றார்கள். என் கொழுந்தன் வேறு வந்து உட்கார்ந்துகொண்டார். "மதினி, நீங்க தலைவரா இருந்தது பத்தாதா? இம்புட்டு தூரம் பொட்டப்பிள்ளைய அனுப்பி மந்திரியாக்கப் போறீகளா?" என்றார்.

"ஆக்குனா உனக்குத்தான் முதல் மனு" என்றேன்.

பேச்சு நீண்டுகொண்டே போனது. அப்போதுதான் சொன்னேன், சாமியிடம் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று. பெண் எடுக்க, கிணறு வெட்ட, எதற்கும் எங்கள் வழக்கம் அது. சிவப்பு அரளியை ஓர் இலையிலும் வெள்ளையை ஓர் இலையிலும் மடித்து அம்மன் காலடியில் போடுவது. பூசாரி ஒன்றை எடுப்பார். நினைத்த பூ வந்தால் சாமி உத்தரவு. கிணற்றுக்குக் கேட்டபோது எனக்குச் சிவப்பு வந்தது. தேர்தலில் நிற்கக் கேட்டபோதும் சிவப்பு. சென்னைக்குச் சிவப்பு, மதுரைக்கு வெள்ளை என்று வைத்தேன். எந்தப் பூ வந்தாலும் கட்டுப்படுகிறேன் என்று கோயிலில் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தேன். அம்மன் என்னைக் கைவிட மாட்டாள் என்று அவ்வளவு நிச்சயம் எனக்கு.

"இதுல சாமிக்கு என்னம்மா வேல?" என்று மகள் மட்டும் கேட்டாள்.

பூசாரி இலையைப் பிரித்தார். வெள்ளை.

சாயங்காலம் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"நீ தேர்தல்ல நின்னப்ப வெள்ளப்பூ வந்திருந்தா?"

"நின்னுருக்க மாட்டேன்" என்றேன். அது பொய்யில்லை.

கீழே சிந்திய வைக்கோலை அள்ளி மாட்டுக்குப் போட்டாள். "கூட்டத்துல வாயே தொறக்காத பொம்பளைகள நீ பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேப்பம்மா, உனக்கு என்ன வேணும் சொல்லுன்னு. எனக்குத் தெரியும், நான் கீழ உக்காந்து பாத்திருக்கேன். சாமிட்ட கேட்ட, சித்தப்பாட்ட கேட்ட. என்னைய ஒரு வார்த்தை கேக்கலையே."

நான் தீவனக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவள் சென்னையிலேயே சேர்ந்தாள். அப்பாவும் மகளுமாகப் பேசி முடித்திருந்தார்கள். நான் தடுக்கவில்லை. வழியனுப்பவும் போகவில்லை. சாமி முன்னால் கொடுத்த வாக்கு, அதை எப்படி மீறுவது? இன்றைக்கும் நான் செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு அவள் அப்பாதான் கூட்டிப்போனார். வாசலில் நின்று, "போறேன்மா" என்றாள். ஊருக்குப் போகிற பிள்ளை போயிட்டு வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். அது அவளுக்குத் தெரியாததல்ல. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அப்பாவுக்குத்தான் போன் பண்ணுவாள். எனக்குக் கேட்கட்டும் என்று அவர் சத்தத்தைக் கூட்டி வைப்பார். "அம்மா சாப்பிட்டுச்சாப்பா?" என்பாள். "இங்கனதான் இருக்கு, குடுக்கவா?" என்பார். "வேணாம்ப்பா, கிளாசுக்கு நேரமாச்சு." ஞாயிற்றுக்கிழமையும் கிளாஸ் இருந்தது அவளுக்கு.

இரண்டாம் வருஷம் கிராமப் பஞ்சாயத்தில் ஒரு மாதம் தங்கிப் பழக வேண்டும், எந்த மாவட்டம் வேண்டும் என்று பிள்ளைகளே சொல்லலாம் என்று அவர் வந்து சொன்னார். நான் அவள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். இப்போதைய தலைவரிடம், என் மக வருவா, நல்லாச் சொல்லிக் குடுங்க என்று சொல்லியும் வைத்தேன்.

அவள் தென்காசிப் பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அங்கிருந்து ஒருநாள் காலையில் ஒரு பெண் எனக்குப் போன் பண்ணினாள். அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். மகள் அவள் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள்.

"அக்கா, புள்ளைக்குக் காய்ச்சல். வீட்டுக்குச் சொல்லாதீகன்னு சொல்லுது. மனசு கேக்கல, அது போன்ல இருந்து உங்க நம்பர எடுத்தேன். பயப்படாதீக, ஊசி போட்டாச்சு."

"கஞ்சி குடிக்குதா?"

"குடிக்குது. எம்மடியிலதான் படுத்துக் கெடந்துச்சு இம்புட்டு நேரமும்."

வீட்டுக்காரர் அதற்குள் சட்டையை மாட்டிவிட்டார். நான் செருப்பைத் தேடினேன். பிறகு நின்றேன்.

"தாயி, நான் வரட்டுமான்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு" என்றேன்.

போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். அந்த வீட்டில் ஒரு குக்கர் விசில் அடித்தது. யாரோ நடந்தார்கள். பேசுவது கேட்டது, என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை.

"வேணாங்குதுக்கா" என்றாள் அவள் திரும்பி வந்து. குரல் தாழ்ந்திருந்தது. "காய்ச்சல்ல சொல்லுது, நீங்க மனசுல வச்சுக்கிராதீக. கெளம்பி வாங்க."

"இல்ல தாயி. அவள கேட்டாச்சு" என்றேன்.

உசிலம்பட்டி பஸ் வந்து, ஹாரன் அடித்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனது. அவர் சட்டையைக் கழற்றவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் போகவில்லை.