மாட்டாஸ்பத்திரியில் நாய் எடுத்த வாந்தி

எங்கள் நாய்க்கு உடம்பு இளைக்க வேண்டும் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னபோது, அவர் விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. அரிசிக்காக ரேஷன் கடையில் கால் கடுக்க நின்ற காலம். மனிதர்களே ஒட்டிய வயிற்றோடு திரிந்த கடலூரில் ஒரு ஜீவன் தின்று கொழுத்துக் கெட்டுப்போகிறது, அதுவும் என் வீட்டில் என்றால் யார் நம்புவார்கள்?

"நம்பலன்னா எடை போட்டுப் பாத்துட்டு வாங்கம்மா" என்று பக்கத்து விறகுக்கடைக்கு அனுப்பினார். ஒரு தட்டில் நாய், மறு தட்டில் எடைக்கல். கடைக்காரர் கல்லை ஏற்றிக்கொண்டே போனார். தட்டு எழும்புவதாக இல்லை. கடைசியில் ஒருவழியாக முள் நேராக நின்றதும் அவர் நாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "எந்த மண்டியில அரிசி வாங்குறீங்க?" என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

பருமன் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். அதற்கு ஓயாத அரிப்பு. காது சிவந்து நாறியது, வயிற்றில் முடி கொட்டிவிட்டது, பகல் முழுக்கச் சுவரில் உரசிக்கொண்டே கிடந்தது. டாக்டர் அதற்கு 'அலர்ஜி' என்று பெயர் சொன்னார். நான் விழித்ததைப் பார்த்துவிட்டு, "எதையோ திங்குது, அது ஒத்துக்கல, அவ்வளோதான்" என்றார். மருந்தும் வேண்டாம், காசும் செலவழிக்க வேண்டாம். கொஞ்சமாகக் கேழ்வரகுக் களி, வேகவைத்த மத்தி மீன், நிறையச் சுரைக்காய். வேறு எதுவும் வாயில் படக்கூடாது. தினமும் தேவனாம்பட்டினம் கடற்கரை வரை நடத்திக் கூட்டிப்போக வேண்டும்.

மூன்றும் மலிவு, மூன்றும் கிடைக்கும். நானும் அப்படியே செய்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் என் மனம் நாயிடம் இல்லை, வீட்டுக்காரரிடம் இருந்தது.

அவர் துறைமுக ஆபீசில் கிளார்க். நாற்பத்துநாலு வயது. சர்க்கரை வியாதி வந்து இரண்டு வருஷம். கால் கட்டைவிரலில் செருப்பு கடித்த ஒரு சின்னப் புண் ஆறாமல் கறுத்துக்கொண்டே வந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் சோற்றை அறவே நிறுத்தி, சப்பாத்தி மட்டும் கொடுக்கச் சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் சப்பாத்தி தெரிந்தவர்கள் யார்? மாவு கையில் ஒட்டும், தேய்த்தால் இலங்கை வரைபடம் மாதிரி வரும். இருந்தும் விடிவதற்கு முன் எழுந்து சுட்டேன். காலையில் நாலு, ராத்திரி நாலு. ரேஷனில் போட்ட கோதுமையில் ஒரு மணிகூட நான் தொட்டதில்லை, எல்லாம் அவருக்குத்தான்.

ஆனாலும் சிறுநீரை மருந்தோடு குழாயில் காய்ச்சினால் ஒவ்வொரு தடவையும் செங்கல் நிறம். சர்க்கரை இல்லை என்றால் நீலமாகவே நிற்க வேண்டுமாம். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். பிறகு, "இப்படியே போனா வெரலை எடுக்க வேண்டியிருக்கும். வெரலோட நிக்கும்னும் சொல்ல முடியாது" என்றார். அன்று கோயிலில் மாதா முன்னால் முட்டி போட்டவள், கோயில் சாத்தும்வரை எழுந்திருக்கவில்லை.

இந்தப் பக்கம் நாய் இளைப்பதாக இல்லை. முன்னைவிட ஊதியது, முன்னைவிடச் சொறிந்தது. யாரோ திருட்டுத்தனமாகச் சோறு போடுகிறார்கள் என்று முடிவு கட்டி, எதிர்வீட்டு அம்மாவிடம் போய்க் கத்தினேன். அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்க ஊட்டுல மனுஷங்களுக்கே பத்தல. இதுல ஒன் நாய்க்கு நான் விருந்து வெக்கிறனா?" என்று கேட்டாள். தெருவே சிரித்தது.

வந்த கோபத்தில் நாயை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு மறுபடி மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். வண்டி குலுங்கியதோ என்னவோ, வாசலில் இறங்கியதும் முதுகை வளைத்துக்கொண்டு வாந்தி எடுத்தது. டாக்டர் வெளியே வந்தார். ஒரு குச்சியால் அதைக் கிளறிப் பார்த்தார்.

"இது என்னாம்மா?"

குனிந்து பார்த்தேன். சப்பாத்தி. மெல்லாமல் விழுங்கிய பெரிய பெரிய துண்டுகள். ஒரு ஓரம் தடித்து, ஒரு ஓரம் கருகி. உலகத்தில் அப்படிச் சப்பாத்தி சுடுகிறவள் நான் ஒருத்திதான்.

"கோதுமை. அதான் அரிப்பு" என்றார் டாக்டர். "ஊட்ல யாருக்குச் சப்பாத்தி?"

"அவருக்கு. சக்கரை வியாதி" என்றேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நாய் என்ன தின்றது என்பதா எனக்குப் பெரிசு? இத்தனை நாளும் இவர் என்ன தின்றார்?

அன்று ராத்திரி வழக்கம்போல் நாலு சப்பாத்தியை வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போகிறவள் மாதிரி போய்ச் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். அவர் ஒரு துண்டு பிய்த்தார். கை மேசைக்கு அடியில் போயிற்று. பிறகு வாயை நன்றாக அசைத்து, கன்னம் உப்ப, ரசித்து மென்றார். வாயில் ஒன்றுமே இல்லை! வெறும் வாயை மென்று, விழுங்கி, தண்ணீரும் குடித்தார். என் வாழ்க்கையில் பேயைப் பார்த்திருந்தால்கூட அப்படி விறைத்திருக்க மாட்டேன்.

நான் வெளியே வரவில்லை. அவர் வாரம் இரண்டு தடவை ஆபீஸ் வேலையாகச் சிதம்பரம் போவார். அங்கே என் தம்பி ஸ்டேஷன் பக்கம் மெஸ் வைத்திருந்தான். சட்டென்று பொறி தட்டியது. காலையில் அவர் ஆபீசுக்குப் போனதும் ரயிலேறினேன்.

தம்பி என் முகத்தைப் பார்த்ததுமே பயந்துவிட்டான்.

"மாமாவுக்குச் சோறு போட்டியா?"

"போட்டன்க்கா. சொல்லாதன்னு கையடிச்சி சத்தியம் வாங்கிட்டாரு. ஆனா ஜாஸ்தி ஒண்ணும் துண்ண மாட்டாரு. சோத்தை நல்லாக் கொழைய வெச்சி, ரசத்தை ஊத்திக் கரைச்சிக் குடிப்பாரு. மத்த நாள்ல ஆபீஸ் பக்கத்துல கஞ்சி குடிச்சிக்குவாராம். மெல்லவே மாட்டாரு."

"கத்திரிக்கா கொத்சு?"

"அதையும் மசிச்சிதான். வடை வெச்சா அப்படியே கெடக்கும்."

அவனை நாலு அறை அறையலாம் என்று போனவள், அந்த 'மெல்லவே மாட்டாரு' காதில் விழுந்ததும் கையை இறக்கிவிட்டேன். கடலூர் வரும்வரை ரயிலில் அந்த ஒரு வார்த்தைதான் ஓடியது.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் எதிரே போய் நின்றேன்.

"வாயத் தெறங்க."

"என்னாது?"

"தெறங்கன்னா தெறங்க!"

திறந்தார். ஈறெல்லாம் வீங்கி, ஊதா நிறத்தில் பழுத்திருந்தது. பின்பற்களைச் சுற்றிச் சீழ். விரலால் தொட்டேன், ஒரு பல் ஊஞ்சல் மாதிரி ஆடியது. பதினெட்டு வருஷம் கூடவே வாழ்ந்தவரின் வாய்க்குள் இப்படி ஒரு ரணம் இருந்திருக்கிறது.

"சொன்னா எல்லாத்தையும் புடுங்கிடுவாங்க. இந்த வயசுல பொக்கை வாயனா ஒன் எதிர்ல எப்படிடி ஒக்கார்றது?" என்று தலையைக் குனிந்துகொண்டார். "நீ வேற விடியறதுக்கு முன்னாடி எழுந்து சுடற."

மறுநாளே பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வாயில் இந்தச் சீழ் இருக்கும்வரை சர்க்கரையும் இறங்காது, புண்ணும் ஆறாது என்று சொல்லி, சில நாள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் பற்களைப் பிடுங்கினார்கள். வீட்டில் சப்பாத்திக் கட்டையைப் பரண்மேல் போட்டேன். நாய்க்குச் சொன்ன சாப்பாட்டை இவருக்கும் கொடுக்கலாமா என்று பெரியாஸ்பத்திரி டாக்டரிடமே போய்க் கேட்டேன். அளவாகக் கொடுக்கலாம் என்றார். அதிலிருந்து ஒரே சட்டியில் சமையல். சுரைக்காயும் முள் எடுத்த மீனும் இருவருக்கும் பொது. அவருக்கு உப்புப் போட்டு மசித்துக் கொடுப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நாய்க்கு ஆக்குனதையா அவருக்குப் போடற?" என்று மாரில் கை வைத்தாள்.

நாய்க்கு இரண்டு மாதத்தில் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது, வயிற்றில் புது முடி முளைத்தது. அவர் குழாயில் செங்கல் நிறம் மஞ்சளாகி, ஒருநாள் நீலத்துக்கு ஒரு படி முந்திய பச்சையாயிற்று. அதற்கடுத்த வாரம் பெரியாஸ்பத்திரி டாக்டர் காலிலிருந்த கட்டைப் பிரித்துப் பார்த்தார். இளஞ்சிவப்பாகச் சதை வளர்ந்திருந்தது. "வெரலை எடுக்க வேணாம்மா" என்றார்.

சந்தோஷத்தில் அழுவேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வந்ததோ கோபம். கட்டுப் போடும் அறை வாசலில், அத்தனை நோயாளிகளுக்கு நடுவில், மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன்.

"வாயில்லா ஜீவன், அதுக்கே ஒத்துக்கலன்னா சொறிஞ்சாவது காட்டத் தெரிஞ்சிது! ஒங்களுக்கு வாயிருந்து என்னா புண்ணியம்? காலே போயிருக்குமே! ஒரு வார்த்தை, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னா?"

நர்ஸ் வந்து அதட்டினாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பல் இல்லாத வாயில் பேச்சு இன்னும் குழறிக்கொண்டுதான் வந்தது.

"எங்கப்பாவுக்கும் மொதல்ல பல்லுதான்டி போச்சி" என்றார். "அப்பறம் காலு. அப்பறம் ஒரு மாசங்கூட உசிரோட இல்ல."

அதுவரை அவர் தன் அப்பா எப்படிச் செத்தார் என்று என்னிடம் சொன்னதில்லை. நான் திட்டுவதை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.