ஜெபக்கூட்டத்துக்கு வந்த கடல்

சிம்பாங் பூலாயில் நாங்கள் குடியிருந்த வீட்டு ஹாலில் ஆறடி நீளத்துக்கு ஒரு கடல்மீன் தொட்டி வைக்கப்போவதாக அப்பா அறிவித்தபோது எனக்கு எட்டு வயது. அம்மா கேட்டது ஒன்றுதான்: "தண்ணி ஒழுகுமா?" அப்பா புண்பட்டுப்போனார்.

ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. அப்பா காப்புறுதி, அதாவது இன்ஷூரன்ஸ், அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மற்றவர்களுக்கு என்னென்ன விபத்து நேரலாம் என்று பகலெல்லாம் சொல்லிவிட்டு, சாயங்காலம் வீட்டில் அவற்றைத் தம் கையாலேயே உண்டாக்குவார். காருக்காக அவர் போட்ட தகரக் கூரை முதல் காற்றிலேயே பறந்து, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியின் ரோஜாச் செடிகள்மேல் போய் உட்கார்ந்தது. அதிலிருந்து பெரியப்பா, கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும், "இவன் கை வெச்சா எதுவும் நிக்காது லா" என்று சொல்லிச் சிரிப்பார். அப்பாவும் கூடச் சிரிப்பார். பிறகு வீடு வந்து சேரும்வரை காரில் வாய் திறக்கமாட்டார்.

அதனால் இந்தத் தொட்டி கசியவே கூடாது. மேலே பெரிய தொட்டி. கீழே அலமாரிக்குள் ஒரு சின்னத் தொட்டி. மேலிருந்து வழியும் தண்ணீர் ஒரு குழாயில் கீழே இறங்கி, வடிகட்டப்பட்டு, பம்பு தள்ள இன்னொரு குழாயில் மேலே ஏறவேண்டும். அப்பா குழாய்களை அறுத்தார், தேய்த்தார், பசை தடவினார். நாங்கள் சாப்பிட்ட சோறுகூடப் பசை நாற்றம் அடித்தது. ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ காகிதம் சுற்றிவைத்துவிட்டு, காலையில் பல்கூடத் துலக்காமல் டார்ச்சோடு தரையில் படுத்துத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். ஈரம் தட்டினால் மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாக ஒரு காலை எல்லாக் காகிதமும் காய்ந்து கிடந்தது. அம்மாவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "காஞ்சுதான் இருக்கு" என்றாள் அம்மா. அதைவிடப் பெரிய பாராட்டை அப்பா வாங்கி நான் பார்த்ததில்லை.

சித்தியவான் பக்கத்துக் கடலிலிருந்து நண்பரின் லோரியில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் வந்தது. மீன்கள் வந்தன. பெரியப்பாவுக்குக் காட்டுவதற்காகவே அந்த மாத ஜெபக்கூட்டத்தை அப்பா எங்கள் வீட்டுக்குக் கேட்டு வாங்கினார்.

அன்று மாலை மழை கொட்டியது. பெரியப்பா தொட்டியைச் சுற்றி வந்தார், குனிந்தார், குழாயைத் தட்டிப் பார்த்தார், "ம்" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது. எல்லாரும் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடினோம். போதகர் ஜெபத்தைத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஓர் இடி இடித்தது. மின்சாரம் போய் ஹால் இருண்டது.

குழாய்கள் கசியவில்லை. அப்பாவுக்காக இதை நான் சொல்லியாகவேண்டும். ஆனால் பம்பு நின்றதும், தண்ணீரை மேலே ஏற்றிய அதே குழாய் அதைக் கீழே உறிஞ்சத் தொடங்கியது. சலசலப்புக் கேட்கக்கூடாதென்று அதன் வாயைப் பெரிய தொட்டியின் அடிவரைக்கும் இறக்கியிருந்தவர் அப்பாதான். கீழ்த்தொட்டி நிரம்பி வழிந்தது.

என் கவுன் நனைந்ததும் கண்ணைத் திறந்தேன். மின்னல் வெட்டிய வெளிச்சத்தில், அப்பா குப்புறப் படுத்து, அலமாரிக்குள் கையைவிட்டு வால்வைத் துழாவியபடி, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று முனகிக்கொண்டிருந்தார். பரிசுத்த ஆவியானவர் இறங்கிவிட்டாரென்று நினைத்துப் போதகர் குரலை உயர்த்தினார். பின்வரிசையில் ஓர் அக்கா அழவே ஆரம்பித்துவிட்டார்.

முதலில் எழுந்தவர் பெரியப்பா. காலுறையோடு உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். "என்ன லா இது, தண்ணி?"

அப்பாவின் முதுகு அசையாமல் நின்றது.

"நான்தான் அத்தான்" என்றாள் அம்மா பெரியப்பாவிடம். "குசினியில சட்டி கழுவுன பைப்ப மூடாம வந்துட்டேன்."

"இல்ல பெரியப்பா, அது அப்பாவோட…" என்று ஆரம்பித்தேன். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளில் மிச்சம் உள்ளேயே நின்றுவிட்டது. பெரியப்பா விரலை ஒரு தடவை நக்கிப் பார்த்திருந்தால் போதும். அவரோ காலுறையைப் பிழிந்தபடி, அம்மாவின் கவனக்குறைவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு, போதகரிடம், "தொட்டிய நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றார். தொட்டியில் தண்ணீர் பாதியாகிவிட்டதை இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

எல்லாரும் போனபிறகு அப்பாவும் அம்மாவும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தரையைத் துடைத்தார்கள். ஜெபத்தின் நடுவிலேயே பொய் சொன்ன அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்பா மெதுவாக ஏதோ சொன்னார். அம்மா சிரிப்பை அடக்க, தரை துடைத்த துணியையே வாயில் வைத்துக்கொண்டு, உப்புக் கரிக்கத் துப்பினாள். அப்பா வாளியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாவம் செய்தவர்கள் அழவேண்டும் என்றல்லவா ஞாயிறு பள்ளியில் சொல்லியிருந்தார்கள்? ஈரத்தரையிலேயே முழங்காலிட்டு, விவரம் தெரியாத அந்த இரண்டு பேரையும் மன்னித்துவிடும்படி நான் ஆண்டவரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.